நின்ற பாலத்துக்கு ஃபெயில்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் அண்ணன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனதோடு விட்டிருந்தோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட ஆளாளுக்கு எழுந்து போய்த் தானே எடுத்துக்கொண்டார்கள்.

காரணம் ஒரு பாலம். முழங்கை நீளம்தான் இருக்கும். ஐஸ் குச்சியையும் மரப்பசையையும் வைத்துக் கட்டியது. கட்டியவள் அண்ணனின் ஒரே மகள், பாப்பா. அதற்கு ஃபெயில் போட்டவள் பாப்பாவின் அத்தை. அந்த ஃபெயிலை மாற்றச் சொன்னவர் அத்தையின் கூடப்பிறந்த அண்ணன். அந்தப் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரும் அவரே. மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். அதுதான் வினை.

கல்லூரியில் பிள்ளைகள் அத்தைக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் "ஏன் மேடம்". எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள். "தெரியாது மேடம்" என்றால் "ஏன் தெரியாது?" என்பாள். நாம் அவளை அத்தை என்றே வைத்துக்கொள்வோம். மேடம் என்று கூப்பிடப் போய் நம்மையும் ஏதாவது கேட்டுவைத்தால் யார் பதில் சொல்வது?

பாலம் கட்டும் பரீட்சை அங்கே வருஷாவருஷம் நடப்பதுதான். இரண்டு மேசைக்கு நடுவே பாலத்தை வைத்து, அதிலே ஒரு வாளியைத் தொங்கவிட்டு, கோடு போட்ட இடம் வரை மணலைக் கொட்டுவார்கள். கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டுக் கைதட்டுவார்கள். பாலம் முன்கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் ஒரு பிடி மணல் போட்டால் என்ன ஆகும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் போட்டுப் பார்த்ததில்லை. போட்டால் உடைந்துவிடுமே!

அத்தை வந்தாள், சட்டத்தைத் தலைகீழாக்கினாள். எல்லாப் பாலத்துக்கும் உடைகிற வரை மணல். எந்த மூட்டில் உடையும், எவ்வளவு பாரத்தில் உடையும் என்று கட்டியவரே முன்கூட்டிப் பலகையில் எழுத வேண்டும். எழுதினபடி உடைந்தால் பாஸ். எழுதினது தப்பிப் போனாலும், ஏன் தப்பியது என்று அங்கேயே கண்டுபிடித்துச் சொன்னால் பாஸ். திருதிருவென்று முழித்தால் ஃபெயில்.

பாப்பாவின் பாலம் உடையவே இல்லை. மூட்டை மணலும் தீர்ந்தது, வாளியும் நிரம்பி வழிந்தது, வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. அத்தை மட்டும், "நீ எழுதினதைவிட நாலு பங்கு தாங்குதே, ஏன்?" என்றாள். "நல்லா ஒட்டினேன் மேடம்" என்பதைத் தவிர பாப்பாவுக்கு வேறு பதில் தெரியவில்லை. அன்று முழித்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஃபெயில் விழுந்தது.

இனி இன்றைய கதை.

காலையில் அண்ணி அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் செவிலியர் வேலை. இரவுப் பணி முடிந்து வந்தவள் வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாலு டம்ளர் வைத்தாள். ஒன்றை எடுக்க ஆள் இல்லை.

"எங்க அவ?" என்றார் அண்ணன்.

"நான் உள்ள வர்றப்ப அவ வெளிய போறா. பையைத் தூக்கிட்டு ஓட்டம். என் முகத்தைக்கூடப் பாக்கல" என்றாள் அண்ணி.

அத்தை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மற்ற வகுப்புகளின் மதிப்பெண்களைப் பதிந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நாளைக்குக் கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வர்றாங்க" என்று அண்ணன் டம்ளரைப் பார்த்துப் பேசினார். "ஒரு பாடத்துல ஃபெயில்னாக்கூட உள்ள விடமாட்டாங்க. இன்னைக்குச் சாயந்திரத்தோட மார்க்கைப் பூட்டிடுவாங்க. அதுக்குள்ள மாத்திடு."

"ஏன்?"

"ஆரம்பிச்சுட்டியா!"

"எதுக்குண்ணா என்னைக் கூப்பிட்ட? நான் பாட்டுக்கு ஃபேக்டரில இருந்தேன். 'நம்ம பசங்க பட்டம் வாங்கிட்டு வெளிய போய் முழிக்கிறாங்க, நீ வந்து சொல்லிக் குடுக்கிற விதத்தையே மாத்து'ன்னு கெஞ்சினது யாரு?"

"சொல்லிக் குடுக்கிறதை மாத்துன்னேன். என் பொண்ணு தலையில கை வைன்னா சொன்னேன்?"

"அப்போ ஊரான் வீட்டுப் பொண்ணு தலையில வைக்கலாமா?"

அண்ணி ரொட்டித் தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் டங்கென்று வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நின்ன பாலத்துக்கு ஃபெயிலாம், உடைஞ்ச பாலத்துக்குப் பாஸாம். இந்தச் சட்டம் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துச்சுன்னு வை, நாங்க எல்லாரும் கூண்டோட ஜெயிலுக்குத்தான் போகணும்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டையின் நடுவில் சிரித்தால் தோற்றதாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"அண்ணி, அது ஏன் நின்னுச்சுன்னு அவளுக்கே தெரியலை. நாளைக்கு நிஜப் பாலம் கட்டி, எப்ப விழும்னு தெரியாம அதுல நாலு பேரை நடக்க விடுவாளா?"

"நாளைக்குக் கட்டப்போற பாலம் இருக்கட்டும். நாளைக்கு வர்ற வேலை போகுதே, அதுக்கு என்ன சொல்ற?"

பாப்பா நடை பழகியது அத்தையின் விரலைப் பிடித்துக்கொண்டுதான். அந்த வேலை போனால் பாப்பாவுக்கு எப்படி வலிக்கும் என்று அத்தைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மடிக்கணினி திறந்தபடி காபி டம்ளருக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"நல்லா சண்டை போடுங்க, அண்ணனும் தங்கச்சியும்" என்றாள் அண்ணி, ரொம்ப சாதுவாக. "என் புள்ளைய நான் பாத்துக்கிறேன்."

அண்ணி சாதுவாகப் பேசினால் கவனிக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த கோபத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கல்லூரி முன்கூடத்தில் அலுவலக மேலாளர் ஒரு அட்டைப்பெட்டியோடு கண்ணாடி அலமாரி முன்னால் தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த அலமாரியில் இப்போது முழுப்பாலம் ஒன்றுகூட இல்லை. பழசை எல்லாம் எடுத்துவிட்டு அத்தை உடைந்தவற்றை வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் கீழேயும் கட்டியவர் கையாலேயே எழுதிய சீட்டு. "கணக்கு சரி. குச்சியில் ஓட்டை இருந்ததைப் பார்க்கவில்லை" என்று ஒன்று. "இந்த மூட்டில் ஒரு குச்சி குறைவு. சோம்பல்" என்று இன்னொன்று. வழியில் போகிற பிள்ளைகள் நின்று படித்துவிட்டுப் போவார்கள். பழைய முழுப்பாலங்கள் இருந்தபோது அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தவர் கிடையாது.

"தாளாளர் காலி பண்ணச் சொல்லிட்டார் மேடம். கம்பெனிக்காரங்க இடம் பாக்க இன்னைக்கே வர்றாங்களாம். சாவி உங்ககிட்ட இருக்குன்னாங்க" என்றார் மேலாளர்.

"இருக்கு."

"தாங்க மேடம்."

"மாட்டேன்."

"மேடம், என் பாடு திண்டாட்டமாயிடும்."

"நான் தரமாட்டேன்னு சொல்லிட்டேன்னே சொல்லுங்க. உங்களை ஒண்ணும் சொல்லமாட்டார். என்னைச் சொல்லத்தான் ஏற்கெனவே கூப்பிட்டிருக்கார்."

அழைப்பு வந்திருந்தது நிஜம். மதியத்துக்கு முன்னால் முதல்வர் அறையில் தாளாளர் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தன்னுடைய நாற்காலியிலேயே விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

தாளாளர் சத்தம் போடுகிற ஆளில்லை. குரலை இறக்க இறக்கத்தான் எதிரில் இருப்பவர் நாற்காலியின் நுனிக்கு வருவார். அவர் அன்றைக்கு ஆரம்பித்ததே இறங்கின குரலில்.

"வாசல்லயே உடைஞ்ச சாமானா அடுக்கி வச்சிருக்கீங்க மேடம். புள்ளையைச் சேக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"எது ஏன் உடையும்னு இந்தப் பசங்களுக்குத் தெரியும்னு நினைப்பாங்க சார்."

"இந்தப் பாடத்துல முந்தி ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்ல."

"முந்தி பரீட்சையே நடக்கல சார். கோட்டுக்கு மணல் வந்ததும் நிறுத்திக்கிட்டோம். அதுல யார் ஃபெயில் ஆவாங்க?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். வீட்டில் 'நீ', கல்லூரியில் 'நீங்க' என்பது அவர் கட்டிக் காக்கிற வழக்கம். "மேடம், கொஞ்சம் பொறுமையா பேசுங்க."

"பொறுமையாத்தான் சார் பேசறேன். நான் ஃபேக்டரில ஆள் எடுக்கிற மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்தவ. வர்ற பசங்க கையில ஒரு போல்டைக் குடுத்து, இது எங்க அறும்னு கேப்பேன். போல்டுக்கு விளக்கம் சொல்லுவாங்க, எத்தனை வகைன்னு சொல்லுவாங்க. கையில இருக்கிறதைத் திருப்பிப் பாக்கவே மாட்டாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. திருப்பிப் பாருன்னு எந்தக் காலேஜும் சொன்னதில்ல."

தாளாளர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

அத்தை விடவில்லை. "இனிமே கணக்கு போட ஆள் வேணாம் சார். கம்ப்யூட்டர் போட்டுடும். படமும் வரைஞ்சுடும். அது வரைஞ்சது நிக்குமா விழுமான்னு பாத்துச் சொல்லத்தான் ஆள் வேணும். நம்ம பசங்க வெளிய போய் அந்த வேலையைத்தான் பாக்கப்போறாங்க. நாம என்னடான்னா, கம்ப்யூட்டர் செய்யற வேலையையே மனப்பாடம் பண்ண வச்சு, கைதட்டி அனுப்பிட்டிருக்கோம்."

"நல்லா பேசறீங்க" என்றார் தாளாளர். குரல் இன்னும் ஒரு படி இறங்கியது. "ஆனா முதல்வர் பொண்ணே ஃபெயில்னு வெளிய தெரிஞ்சா காலேஜுக்குத்தான் அசிங்கம். அந்தப் பொண்ணை மட்டும் பாஸ் போட்டுடுங்க. மத்த நாலு பேரை அப்புறம் பாத்துக்கலாம். இல்லேன்னா உங்க பாடமே இருக்கணுமான்னு யோசிக்க வேண்டி வரும். நீங்க இருக்கணுமான்னும்தான்."

விருந்தாளிகளை வரவேற்க அவர் எழுந்து போனார். கதவு சாத்தியதும் அண்ணன் 'நீங்க'வைக் கீழே போட்டார்.

"கேட்டியா? உன் வேலையும் போயிடும்டி."

"போகட்டும்."

"என் பாஸ்வேர்டைப் போட்டு நானே மாத்திடலாம், தெரியுமில்ல?"

"தெரியும். மாத்து. ஆனா உன் பேர்லயே மாத்து. ஏன் மாத்தினேன்னு யாராவது கேட்டா நீயே சொல்லிக்கோ."

அண்ணன் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். விரல் விசைப்பலகை மேல் இருந்தது. தங்கையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். மகளின் பெயருக்கு எதிரே அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் போகவே அவருக்கு மனம் வரவில்லை. மாற்றவும் கை வரவில்லை, கையை எடுக்கவும் வரவில்லை. பாவம், முதல்வராகவும் அப்பாவாகவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து முன்கூடத்தில் கடகடவென்று சத்தம் கேட்டது.

ஓடிப் போய்ப் பார்த்தால், பாப்பா ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். வண்டி நிறைய கான்கிரீட் கட்டிகள், சோதனைக்காக வார்த்து வைத்திருக்கும் கனமான கட்டிகள். பின்னாலேயே வகுப்பு முழுக்க வந்தது. ஃபெயிலான மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு முனையாக இரண்டு மேசைகளைத் தூக்கி வந்தார்கள். தாளாளரும் கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

பாப்பா மேசைகளை இடைவெளி விட்டுப் போடச் சொன்னாள். நடுவில் தன்னுடைய பாலத்தை வைத்தாள். கீழே கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது.

"அத்தை!" என்றாள்.

கல்லூரி வாசலைத் தாண்டினால் 'மேடம்' என்று இரண்டு பேரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அன்றோடு போயிற்று.

"அன்னைக்கு மணல் பத்தல. அதான் கட்டி கொண்டாந்தேன். காலையிலேர்ந்து லேப்ல உக்காந்து யோசிச்சேன். எங்க உடையும்னு இப்போ எழுதறேன். நீங்களும் எழுதுங்க."

"நானா?"

"ஏன்? நீங்க எழுதக்கூடாதா?"

முன்கூடமே ஓவென்று சிரித்தது. இத்தனை நாள் வாங்கின 'ஏன்' அத்தனையும் ஒரே தவணையில் அத்தையின் தலையில் விழுந்தது.

அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பாலத்தைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள், விரலால் தட்டிப் பார்த்தாள். சாக்பீஸை வாங்கிப் பலகையில் 'மேல் தண்டு, நடு மூட்டு' என்று எழுதினாள். பாப்பா அதற்குப் பக்கத்தில் 'கீழ்த் தண்டு, நடு மூட்டு' என்று எழுதினாள்.

கட்டிகள் ஒவ்வொன்றாகப் பலகையில் ஏறின. பாலம் முனகியது. அடுத்த கட்டியை வைக்கும் முன் பாப்பா ஒரு முறை அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். போதும் விடு என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவில்லை.

படீர் என்று ஒரு சத்தம். கட்டிகள் தரையில் உருண்டன.

மேல் நடுவும் உடையவில்லை, கீழ் நடுவும் உடையவில்லை. மேசையோரம், இடது கடைசி மூட்டு பிளந்திருந்தது. அத்தை எழுதினதும் தப்பு, பாப்பா எழுதினதும் தப்பு.

தாளாளர் ஒரு முறை இருமினார். பாப்பா மண்டிபோட்டு உட்கார்ந்து, பிளந்த மூட்டைக் கையில் எடுத்துத் திருப்பினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நகத்தால் சுரண்டினாள். பசை மிட்டாய்ப் பாகு போல இழுபட்டு வந்தது.

"அத்தை, இங்க பாருங்க! உள்ள காயவே இல்ல!"

அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு தலைகளும் அந்த மூட்டின் மேல் கவிழ்ந்தன.

"இந்த மூட்டு மேலதான் எனக்குச் சந்தேகமா இருந்துச்சு. பயந்துபோய் பசை மேல பசையா அப்பினேன். வெளிய காஞ்சு தோல் கட்டிக்கிச்சு. உள்ள காத்தே போகல, ஈரமாவே நின்னுடுச்சு. எதை ரொம்ப பலமாக்கணும்னு நினைச்சேனோ அதான் முதல்ல போச்சு."

"எனக்கும் தோணல பாப்பா" என்றாள் அத்தை. "தட்டிப் பாத்தேன், அப்பவும் தோணல." இத்தனை வருஷம் ஃபேக்டரியில் எத்தனையோ பொருட்கள் உடைந்து பார்த்திருக்கிறாள். எதுவும் உடைந்து இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தாளாளர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அதான் பொண்ணு ஏன்னு சொல்லிட்டாளே! உங்க சட்டப்படியே பாஸ்தானே மேடம்? போட்டுடுங்க, முடிஞ்சுது."

உண்மையைச் சொன்னால், அத்தையின் மனசும் ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் சாய்ந்தது. போட்டுவிட்டால் என்ன? வேலையும் போகாது, வீடும் பேசும்.

எழுந்து நின்றது பாப்பாதான்.

"வேணாம் சார். பரீட்சை அன்னைக்கு எனக்குத் தெரியல. என்னோட இவங்க நாலு பேருக்கும் தெரியல. இவங்க அப்பா யாரும் இங்க பிரின்சிபால் இல்ல. எனக்கு மட்டும் ஏன் இன்னொரு வாய்ப்பு? அடுத்த மாசம் மறுதேர்வு இருக்கு. அஞ்சு பேரும் சேர்ந்து எழுதறோம். அதுவரைக்கும் ஃபெயில் ஃபெயிலாவே இருக்கட்டும்."

"மேடமும் தப்பா எழுதினாங்களே, அவங்களுக்கு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"அத்தைக்கும் மறுதேர்வுதான்" என்றாள் பாப்பா. மறுபடி சிரிப்பு எழுந்தது. அத்தை கைகூப்பி ஒத்துக்கொண்டாள்.

கம்பெனியிலிருந்து வந்த பெண்மணி முன்னால் வந்தார். "ஃபெயில்னா நாளைக்கு உன்னைக் கூப்பிட முடியாதும்மா. எங்க விதி அப்படி. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும் மேடம்." பாப்பாவின் குரல் உடையப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூட்டை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? எங்க ஆளுங்ககிட்டக் காட்டணும்."

போட்டோ எடுத்துக்கொண்டு அவர்கள் மாடிப் பக்கம் போனார்கள். தாளாளர் பின்தங்கினார். குரல் இறங்க வேண்டிய மட்டும் இறங்கிவிட்டது.

"முதல்வர் சார். அந்த அலமாரி."

அண்ணன் தங்கையிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடு."

அத்தைக்கு உள்ளுக்குள் எல்லாம் வற்றிப்போயிற்று. மகளே நின்று பேசின பிறகும் இந்த மனுஷன் திருந்தவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பையைத் துழாவிச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இதற்கு மேல் மல்லுக்கட்ட அவளிடம் தெம்பில்லை.

அண்ணன் அலமாரியைத் திறந்தார். உள்ளே இருந்ததை ஒதுக்கி முன்வரிசையில் இடம் செய்தார். மகள் கையிலிருந்த உடைந்த பாலத்தை வாங்கி அங்கே வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சீட்டுல என்ன எழுதணும்?"

பாப்பாவுக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பயத்துல அளவுக்கு மீறிப் பசை. உள்ள காயல."

அவர் அதை அப்படியே எழுதி வைத்தார், பூட்டினார், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அலமாரி இப்படியேதான் சார் இருக்கும். காலி பண்ணணும்னா முதல்ல என்னைக் காலி பண்ணுங்க."

தாளாளர் திரும்பி நடந்தார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

சாயந்திரம் மூன்று பேரும் கார் நிற்கிற இடத்துக்கு ஒன்றாக நடந்தார்கள். அண்ணன் தாளாளரைப் போலக் குரலை இறக்கிப் பேசிக் காட்டினார். பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நாளைக்கு வேலை இருக்குமா என்று இரண்டு பெரியவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் அவர்களுக்குப் பசித்தது, அதுவே பெரிய முன்னேற்றம்.

அத்தையின் போன் அதிர்ந்தது. தாளாளரிடமிருந்து செய்தி.

'பெண் பாஸ் ஆனதை இப்போதுதான் கணினியில் பார்த்தேன். எல்லார் முன்னாலும் விறைப்பாக நின்றாலும் காரியத்தைச் சரியாகச் செய்துவிட்டீர்கள். நன்றி மேடம். பாடம் தொடரலாம்.'

அத்தை இரண்டு தரம் படித்தாள். மதிப்பெண் பக்கத்தைப் போனிலேயே திறந்தாள். பாப்பாவின் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி' என்று இருந்தது. மற்ற நாலு பேர் அப்படியே இருந்தார்கள். திருத்தியவர் என்ற இடத்தில் அத்தையின் சொந்தப் பணி எண்.

"அண்ணா!" என்று அலறினாள். "என் பேர்ல மாத்திட்டியா?"

"நானா? சத்தியமா இல்ல! கையை வச்சேன், எடுத்துட்டேன். நீதான் எதிர்லயே இருந்தியே!"

"அப்போ யாரு?"

பாப்பா மெதுவாகக் கேட்டாள். "அத்தை, உங்க லேப்டாப் எங்க?"

அத்தையின் கை தோள்பைக்குப் போனது. பை லேசாக இருந்தது. சாப்பாட்டு மேசை, காபி டம்ளர், திறந்து கிடந்த பக்கம் எல்லாம் கண் முன்னால் வந்தன. 'என் புள்ளைய நான் பாத்துக்கிறேன்' என்ற அந்தச் சாதுக் குரலும் காதில் வந்தது.

சொல்லி வைத்தாற்போல அண்ணனின் போன் அடித்தது. அவர் அவசரத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

"ஏங்க, கிளம்பிட்டீங்களா?" அண்ணியின் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "அவளுக்கு நாளைக்குப் போடற துணியை இஸ்திரி போட்டுட்டிருக்கேன். மூணு பேரும் சிரிச்ச முகமா வந்து சேருங்க. இனிமே இந்த வீட்டுல சண்டைக்கு வேலையில்ல."

அண்ணன் போனை எட்டப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார். தாளாளரிடம் நெஞ்சை நிமிர்த்திப் பேசினவர் இப்போது அந்தப் போனைத் தங்கையின் பக்கம் தள்ளப் பார்த்தார்.

அத்தை அதற்குள் 'தேர்ச்சி'யை அழித்திருந்தாள். காரணம் கேட்ட இடத்தில் 'முதலில் போட்டதே சரி' என்று அடித்தாள். திரை மறுத்துவிட்டது. ஒருமுறை திருத்திய மதிப்பெண்ணை மறுபடி திருத்த முதல்வரின் ஒப்புதல் வேண்டுமாம். கீழே அதற்கென்று ஒரு பொத்தான் இருந்தது.

அத்தை தன் போனை அண்ணனிடம் நீட்டினாள். 'மாத்து, ஆனா உன் பேர்ல மாத்து' என்று அவள் முதல்வர் அறையில் சொன்னது, அவள் நினைத்தே பார்க்காத பக்கமாகத் திரும்பி வந்து நின்றது.

அண்ணன் ஒரு கையில் மனைவி, ஒரு கையில் மதிப்பெண் என்று நின்றார். மகளைப் பார்த்தார். அவள் தலையை ஒரு தரம் அசைத்தாள்.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?"

அண்ணன் தன் கடவுச்சொல்லைப் போட்டார். பொத்தானை அழுத்தினார். பாப்பாவின் பெயருக்கு எதிரே பழைய வார்த்தை வந்து உட்கார்ந்தது.

"இருக்கேன்" என்றார். "இஸ்திரிப்பெட்டியை அணைச்சுடு. நாங்க மூணு பேரும் வர்றோம். சண்டை இனிமேதான்."